மூட்டு வலியுள்ள மாமியாரோடு சிங்க்வே தெர்ரே: எந்த ஊரில், எந்த வீட்டில் தங்குவது?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். செப்டம்பர் கடைசி வாரத்தில் கணவர், 4 வயது மகன், 68 வயது மாமியார் ஆகியோருடன் இத்தாலி போகிறார். ரோம், ஃபுளோரன்ஸ் பார்த்துவிட்டு, வடமேற்குக் கடற்கரையில் செங்குத்தான சரிவில் அமைந்த சிங்க்வே தெர்ரே என்ற ஐந்து ஊர்களில் ஒன்றில் 4 இரவு தங்கத் திட்டம். மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார். படி என்றால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறுவார். சைவம், இரவில் சோறு வேண்டும், அதனால் சமையலறை உள்ள வீடாகத் தேடுகிறார்.

மூன்று இடங்கள் கையில் இருக்கின்றன. மனரோலாவில் கடல் தெரியும் டெரஸுடன் ஒரு வீடு, 'ரயில் நிலையத்திலிருந்து 250 மீட்டர்'. பணம் திரும்பாத கட்டணத்தில் எடுத்தால் விலை குறைகிறது. வெர்னாட்சாவில் 'முதல் மாடி' வீடு. முன்பதிவுத் தளத்தை விட்டுவிட்டு 30 சதவீதத்தை நேராக வங்கியில் போட்டால் தள்ளுபடி தருவதாக வீட்டுக்காரர் சொல்கிறார். மூன்றாவது, கணவர் சொல்லும், ஐந்து ஊர்களுக்கு வெளியே பக்கத்திலிருக்கிற லா ஸ்பெட்சியா நகர ஹோட்டல்; லிஃப்ட் உண்டு, ஆனால் 'ஊருக்குள் தங்காவிட்டால் போனதே வீண்' என்பது வாசகியின் எண்ணம். 14 நாளுக்குள் எதையும் ரத்து செய்யலாம் என்று லண்டனில் இருக்கும் உறவினர் சொல்லியிருக்கிறார். கார் எடுத்தால் படிப் பிரச்சினை தீருமா என்றும் கேட்கிறார். 'அத்தையைக் கேட்டால், நான் மெதுவா ஏறிக்குவேன், என்னால உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்கிறார்' என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் மீட்டர் கணக்கு இருக்கிறது, வாடகைக் கணக்கு இருக்கிறது. படிகளின் கணக்கு மட்டும் எங்கும் இல்லை. இந்த ஐந்து ஊர்களிலும் வீடு தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். அது தெரியாமல் உங்கள் மூன்று இடங்களில் எதற்கும் நான் சரி என்றோ தப்பு என்றோ சொல்ல முடியாது.

விளம்பரத்தில் வரும் 250 மீட்டர் பெரும்பாலும் வரைபடத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இழுத்த கோடு. அந்தக் கோட்டுக்குள் 20 படியும் இருக்கலாம், 130 படியும் இருக்கலாம். ஒரு படி 17 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால் 60 படி சுமார் 10 மீட்டர். நம் அடுக்குமாடிகளில் மூன்று மாடிக்குச் சற்று மேல். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வெளியே போய்வந்தால் ஒரு நாளைக்கு 120 படி ஏற்றம், 120 படி இறக்கம். அதுவும் ஒரே உயரமாகக் கட்டிய சிமெண்ட் படிகள் அல்ல. பழைய கல் படிகள், ஒன்று உயரம், ஒன்று தாழ்வு, நடுவில் தேய்ந்து வழவழப்பானவை. பல சந்துகளில் கைப்பிடி கிடையாது.

மேலே இருக்கிற வீடாக இருந்தாலும் ஒருமுறை ஏறிவிட்டால் இறங்குவது சுலபம்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். முழங்கால் தேய்மானத்தில் இது நேர்மாறு. படி ஏறும்போது மூட்டில் விழும் சுமை உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கு வருகிறது. இறங்கும்போது அதைவிடவும் சற்றுக் கூடும். காலையில் கடலைப் பார்க்க இறங்குகிற அந்த இறக்கம்தான் மாலையில் வலியாக வரும்.

அத்தை 'ஏறிக்குவேன்' என்று சொன்னதை வைத்து வீடு எடுக்காதீர்கள். பிள்ளைகளின் ஆசைக்குத் தடையாக இருக்கக்கூடாது என்று நினைக்கிற பெரியவர்கள் வேறு பதில் சொல்ல மாட்டார்கள். இப்போதே, ஊரிலேயே பார்த்துவிடலாம். லிஃப்டைத் தவிர்த்து மூன்று மாடி ஏறி, கால் மணி நேரம் உட்கார்ந்து, இறங்கச் சொல்லுங்கள். அன்று மாலை இன்னொரு முறை. மறுநாளும் அதேபோல். மூன்றாம் நாள் காலை படுக்கையிலிருந்து எழும்போது மூட்டு இறுக்கமோ வீக்கமோ கூடியிருக்கிறதா என்று கவனியுங்கள்; 'வலிக்குதா' என்று கேட்பதைவிட நடையைப் பாருங்கள். கூடியிருந்தால் 30 படிக்கு மேற்பட்ட எந்த வீடும் வேண்டாம். சோதனைக்கு முன்னால் மூட்டு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஊன்றுகோல் பழக்கமில்லை என்றால் இப்போதே பழக வேண்டும்: ஏறும்போது வலி குறைவான கால் முதலில், இறங்கும்போது வலி அதிகமான கால் முதலில்.

ஐந்து ஊரும் ஒன்றல்ல

தெற்கிலிருந்து ரியோமஜ்ஜோரே, மனரோலா, கொர்னீலியா, வெர்னாட்சா, மொன்தெரொஸ்ஸோ என்று வரிசை. ஐந்துக்கும் ரயில் நிலையம் உண்டு; ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சில நிமிடங்கள்தான்.

கொர்னீலியாவை உங்கள் பட்டியலில் சேர்க்காதது நல்லது. ஊர் கடலிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில், நிலையம் கீழே. நடுவில் 'லர்தரீனா' என்ற படிவரிசை, 380 படி அளவு. சிறிய பேருந்து ஓடுகிறது, ஆனால் கூட்டம் நிற்கும், இரவு நேரத்துக்கு அதை நம்ப முடியாது.

ரியோமஜ்ஜோரேயும் மனரோலாவும் ஓடை ஓடிய பள்ளத்தின் இரண்டு பக்கச் சரிவிலும் அடுக்கடுக்காக எழும்பிய ஊர்கள். மனரோலா நிலையத்திலிருந்து நடைபாதைச் சுரங்கம் வழியாக ஊருக்குள் வரலாம், அதுவரை சிரமமில்லை. முதன்மைத் தெருவே சரிவு, வீடுகளுக்கோ அதிலிருந்து பிரியும் படிச்சந்துகளில்தான் போக வேண்டும். கடல் தெரிய வேண்டுமென்றால் முன்வீட்டுக் கூரைக்கு மேலே இருக்க வேண்டும். ஆக, 'கடல் தெரியும் டெரஸ்' என்ற விளம்பரத்தைப் படிக்கும்போதே படிகள் அதிகம் என்றும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் மனம் வைத்திருக்கிற மனரோலா வண்ண வீடுகளின் படம் ஊருக்குள் எந்த டெரஸிலிருந்தும் எடுத்ததல்ல. எதிரே இருக்கிற 'புந்தா பொன்ஃபீலியோ' என்ற முனையிலிருந்து எடுப்பது. ஊருக்குள் தங்கினாலும் அதைப் பார்க்க அங்கே நடந்துதான் போக வேண்டும். வேறு ஊரில் தங்கியிருந்தாலும் ஒரு மாலை ரயிலில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

வெர்னாட்சா கொஞ்சம் எளிது. நிலையத்திலிருந்து துறைமுகச் சதுக்கம் வரை முதன்மைத் தெரு மெதுவான சரிவு, அத்தையால் நடக்க முடியும். அந்தத் தெருவிலேயே வாசல் இருந்தால் யோசிக்கலாம். பக்கத்துச் சந்துகளுக்குள் போனால் கதை மாறிவிடும்.

மொன்தெரொஸ்ஸோ இந்த ஐந்தில் தனி. பழைய ஊர், 'ஃபெஜீனா' என்ற புதிய பகுதி என இரண்டு; நடுவில் சில நிமிடத்தில் நடந்து கடக்கிற சுரங்கப்பாதை. நிலையம் ஃபெஜீனாவில், கடற்கரைச் சாலையிலேயே. சாலை சமதளம். ஐந்து ஊரில் விரிந்த மணல் கடற்கரை இங்கேதான், உங்கள் மகனுக்கு அது பெரிய விஷயம். ஆனால் இங்கும் கடற்கரைக்குப் பின்னாலேயே மலை எழும்பிவிடுகிறது; 'ஃபெஜீனா' என்ற பெயரைப் பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள், கேள்விகள் இங்கும் அதேதான். ரயில் பாதை திறந்தவெளியில் போவதால் சத்தமும் உண்டு. பாதையைப் பார்த்த அறையா, பின்பக்க அறையா என்று கேளுங்கள்.

'முதல் மாடி' என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இத்தாலியிலும் நம்மைப்போலத் தரைத்தளத்துக்கு அடுத்ததுதான் முதல் மாடி. சிக்கல் வேறிடத்தில். சரிவில் கட்டிய வீட்டுக்குத் தெருவாசல் மேல்சந்தில் இருக்கலாம், கீழ்ச்சந்தில் இருக்கலாம். கட்டடத்துக்குள் 18 படிதான் என்பது உண்மையாகவே இருக்கும். கட்டட வாசலுக்கு வருவதற்குள் 70 படி ஏறியிருப்பீர்கள். வீட்டுக்குள்ளேயும் படி வரும்: ஒரு படுக்கை பரண் மாதிரியான மேல்தட்டில், அங்கே போக இரும்பு ஏணியோ சுழல்படியோ. இரண்டு படுக்கையறை என்று போட்டிருந்தால் இரண்டாவது அறை எங்கே என்று கேட்டே ஆக வேண்டும்.

வீட்டுக்காரருக்கு இப்படி எழுதுங்கள். முன்பதிவுத் தளத்தின் செய்திப் பெட்டியில் மட்டும் எழுதுங்கள், அது பிறகு சான்றாக நிற்கும்.

1. ரயில் நடைமேடையிலிருந்து கட்டட வாசல் வரை மொத்தம் எத்தனை படி? 'கொஞ்சம்தான்' என்ற பதில் வந்தால் எண்ணிச் சொல்லும்படி மறுபடி கேளுங்கள். எண்ணிக்கை சொல்ல மறுக்கிற வீட்டை விட்டுவிடலாம்.

2. கட்டட வாசலிலிருந்து அத்தை படுக்கிற கட்டில் வரை எத்தனை படி? கைப்பிடி உண்டா, ஏறும்போது எந்தப் பக்கம்?

3. குளியலறை அதே தளத்திலா? குளிக்கும் இடத்துக்கு ஏறி இறங்க வேண்டிய உயரம் எவ்வளவு? தொட்டிக்குள் கால் தூக்கி வைக்கிற மாதிரி இருந்தால் அத்தைக்கு ஆகாது.

4. சாவி எங்கே தருகிறார்கள்? அலுவலகம் ஊரின் இன்னொரு கோடியில் இருந்தால் பெட்டியோடு இரண்டு முறை ஏறி இறங்க நேரும்.

5. டெரஸ், ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு, சுவர் எவ்வளவு உயரம்? 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் 4 வயதுக் குழந்தையோடு அங்கே நிம்மதியாக உட்கார முடியாது. பழைய வீடுகளில் இடுப்புக்கும் கீழான சுவர்கள் உண்டு.

6. வாசலிலிருந்து தெரு வரை நடந்து எடுத்த ஒரு சிறு காணொளி அனுப்ப முடியுமா? நல்ல வீட்டுக்காரர் அனுப்புவார்.

பதில் வருவதற்குள் நீங்களும் சரிபார்க்கலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தை நன்றாகப் பெரிதாக்கினால் படிகள் உள்ள பாதைகள் நெருக்கமான குறுக்குக்கோடுகளாகத் தனியே தெரியும். விருந்தினர் விமர்சனங்களில் ஸ்டெப்ஸ், ஸ்டேர்ஸ், லக்கேஜ் என்ற ஆங்கிலச் சொற்களைத் தேடுங்கள். 25 வயதுக்காரர் 'சில படிகள்' என்று எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பெற்றோருடன் வந்தவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்.

பெட்டியையும் கணக்கில் சேருங்கள். 23 கிலோ சக்கரப் பெட்டி கல் படியில் சக்கரப் பெட்டியாக இருக்காது. உங்கள் கணவர் தோளில் ஏறும், அப்போது அத்தைக்குக் கை கொடுக்க ஆளிருக்காது. குழந்தையின் தள்ளுவண்டியும் இங்கே சுமைதான். ஆளுக்குத் தோளில் மாட்டும் ஒரு பை, 8 முதல் 10 கிலோ. ஃபுளோரன்ஸுக்கே திரும்பி வருவதாக இருந்தால் பெரிய பெட்டிகளை அங்கே தங்கும் ஹோட்டலில் விட்டு வரலாமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கார் வேண்டாம்

இந்த ஊர்களின் உட்பகுதிக்குள் வெளியாரின் வண்டி போக முடியாது. மேலே ஊர் விளிம்பில் நிறுத்திவிட்டு இறங்கி நடக்க வேண்டும். படிகள் அப்படியே இருக்கும், கட்டணம் கூடுதலாகும். தடைசெய்யப்பட்ட வட்டாரங்களில் கேமரா உண்டு. தெரியாமல் நுழைந்தாலும் அபராதம் வாடகைக் கார் நிறுவனம் வழியாக மாதங்கள் கழித்து வரும், நிறுவனத்தின் தனிக் கட்டணத்தோடு. இந்திய உரிமத்தோடு ஓட்டப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வாங்கியாக வேண்டும்.

ரயிலுக்கே அந்தச் செலவைக் கொடுங்கள். முன்கூட்டிச் சொன்னால் நடக்கச் சிரமப்படுகிற பயணிகளை ஏற்றி இறக்க 'சாலா ப்ளூ' என்ற உதவிச் சேவை இருக்கிறது. எல்லா நிலையத்திலும் இல்லை, நீங்கள் இறங்குகிற நிலையம் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். ரியோமஜ்ஜோரே, வெர்னாட்சா நடைமேடைகளில் ஒரு பகுதி சுரங்கத்துக்குள் இருக்கிறது. வண்டி நின்றதும் ஜன்னலில் இருட்டாகத் தெரிந்தால் நிலையம் வரவில்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். படகில் ஊர் ஊராகப் போவது அழகுதான், ஆனால் ஒடுங்கிய பலகை வழியாக ஏற வேண்டும். அலை எழும்பும் நாளில் அத்தைக்கு வேண்டாம். கொர்னீலியாவில் படகு நிற்பதும் இல்லை.

14 நாள், முன்பணம், விசா

உங்கள் உறவினர் சொன்ன 14 நாள் உரிமை ஐரோப்பாவில் ஆன்லைனில் வாங்கும் பெரும்பாலான பொருள்களுக்கு உண்மை. குறிப்பிட்ட தேதிகளுக்கான தங்குமிட முன்பதிவை அந்தச் சட்டம் வெளிப்படையாகவே விலக்கிவைத்திருக்கிறது, பிரிட்டனிலும் அப்படித்தான். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை முன்பதிவு நிபந்தனைதான் தீர்மானிக்கும். ஆகவே 'பணம் திரும்பாது' என்று போட்டிருந்தால், திரும்பாது என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இத்தாலி போகத் தேவையான ஷெங்கன் விசா இன்னும் வரவில்லை என்பதால் அந்தக் கட்டணம் இரட்டை ஆபத்து. விண்ணப்பத்தில் தங்குமிடச் சான்று காட்ட வேண்டும், ஆனால் முடிவு வழக்கமாக 15 நாள், சில வேளை 45 நாள் வரை ஆகும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். இலவச ரத்துக்கான கடைசித் தேதி விசா முடிவு வரும் தேதிக்குப் பிறகு இருக்கிற வீட்டையே எடுங்கள். கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் சரி. விசாவுக்கு எடுக்கிற காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அத்தையின் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களை விலக்கியிருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள்.

வெர்னாட்சா வீட்டுக்காரரின் தள்ளுபடியை நான் ஏற்கச் சொல்ல மாட்டேன். தளத்துக்கு வெளியே பணம் போனால் தளத்தின் பாதுகாப்பும் போய்விடும். வங்கி மாற்றம் திரும்ப வராது. ஏதோ காரணத்தால் நேரடியாகத்தான் எடுக்க வேண்டும் என்றால், கொடுக்கிற முன்பணம் எந்த வகை என்று எழுத்தில் வாங்குங்கள். இத்தாலியச் சிவில் சட்டத்தின் 1385-ஆம் பிரிவில் 'காப்பாரா கொன்ஃபெர்மத்தோரியா' என்றொரு முன்பணம் உண்டு: நீங்கள் பின்வாங்கினால் அது அவருக்கு, அவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்ப வேண்டும். 'அக்கோந்தோ' என்று எழுதினால் அது வெறும் அட்வான்ஸ், இரு பக்கமும் அந்தப் பிடி இல்லை. கூடவே, விளம்பரத்தில் 'IT' என்ற எழுத்துகளில் தொடங்கும் தேசிய அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜனவரி 1 முதல் குறுகிய கால வாடகை வீடுகளுக்கு அது கட்டாயம். எண் இல்லாத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று உள்ளூராட்சி வசூலிக்கும் தங்கும் வரி விலையில் சேர்ந்திருக்காது, அங்கே போய்க் கொடுக்க வேண்டியிருக்கும்.

போய்ப் பார்த்தால் படி எண்ணிக்கை சொன்னதைவிட அதிகம் என்றால், பெட்டியைப் பிரிக்கும் முன் படம் எடுத்து அன்றே தளத்துக்குப் புகார் கொடுங்கள். இரண்டு நாள் தங்கிவிட்டுச் சொன்னால் உங்கள் பக்கம் வலுவிழந்துவிடும்.

உங்களுக்கு எது பொருந்தும்?

ஃபெஜீனாவில் கடற்கரைச் சாலையிலோ அதற்கு அடுத்த வரிசையிலோ, லிஃப்ட் உள்ள கட்டடத்தில் அல்லது தாழ்ந்த தளத்தில், மொத்தம் 20 படிக்குள் ஒரு வீடு கிடைத்தால் அதையே எடுங்கள். தரைத்தளத்தில் ஈரவாடை, தெருச்சத்தம் உண்டு என்று விமர்சனங்களில் வந்தால் முதல் மாடிக்குப் போகலாம். இடம் கிடைக்காவிட்டால் வெர்னாட்சா முதன்மைத் தெரு. அதுவும் இல்லையென்றால் லெவந்தோ. மொன்தெரொஸ்ஸோவிலிருந்து ரயிலில் அடுத்த நிலையம், ஐந்து ஊர்க் கணக்கில் வராத கடற்கரைச் சிற்றூர், நடமாட்டம் பெரும்பாலும் சமதளம். உங்கள் கணவர் சொல்லும் லா ஸ்பெட்சியா வீண் அல்ல, ரியோமஜ்ஜோரே அங்கிருந்து பத்து நிமிடத்துக்குள்தான். ஆனால் ஹோட்டலில் சமையலறை இருக்காது. பகல் கூட்டம் ஊர்களை விட்டுப் போன பிறகு வருகிற மாலையும், அது வரும் முன்னான காலையும் உங்களுக்குக் கிடைக்காது. ஊருக்குள் தங்கவேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் ஃபெஜீனாவை முதலில் வைக்கிறேன்.

மனரோலாவை விட்டுக்கொடுத்ததாக நினைக்க வேண்டாம். ரியோமஜ்ஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் 'காதலர் பாதை' 2012-இல் பாறை சரிந்து மூடப்பட்டு 2024-இல் திறந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, இந்த வட்டாரப் பாதைகளில் கிட்டத்தட்டச் சமமானது அதுதான். நேரம் குறித்துத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். மற்ற கடலோர மலைப்பாதைகளில் படிகள் நூற்றுக்கணக்கில் வரும். நீங்களும் கணவரும் முறைவைத்துப் போங்கள், ஒருவர் அத்தையோடும் பையனோடும் மணலில் இருக்கட்டும்.

சமையலுக்கு ஒரு குறிப்பு. இத்தாலிய வீடுகளில் மின் இணைப்பு பெரும்பாலும் 3 கிலோவாட். இண்டக்‌ஷன் அடுப்பும் கெட்டிலும் ஏசியும் ஒன்றாக ஓடினால் மின்சாரம் நின்றுவிடும். மீட்டர் கட்டடத்தின் கீழ்வாசலில் இருந்தால் அதைப் போட இறங்கி ஏற வேண்டும். ஏசியை நிறுத்திவிட்டுச் சோறு வையுங்கள். நம் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது, ரைஸ் குக்கர் கொண்டுபோனால் அடாப்டரும் வேண்டும்.

செப்டம்பர் கடைசி நல்ல காலம், வெயிலும் தணிந்திருக்கும். பயணத்தை அக்டோபருக்குத் தள்ளும் யோசனை வந்தால் மட்டும் மழையைக் கவனியுங்கள்: 2011 அக்டோபர் 25 வெள்ளத்தில் வெர்னாட்சாவும் மொன்தெரொஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுவார்கள். ஆரஞ்சு வந்தாலே பாதைகளுக்குப் போகாமல், சொல்கிறபடி மேல்தளத்தில் இருங்கள். அவசர எண் 112.

கடைசியாக, ஃபுளோரன்ஸிலிருந்து கிளம்பும் ரயிலை மதியத்துக்கு முன்பாகவே எடுங்கள். லா ஸ்பெட்சியாவில் வண்டி மாறி, வெளிச்சம் இருக்கும்போதே வாசலுக்குப் போய்ச் சேர்ந்தால், அத்தை அந்தப் படிகளை முதல் முறை பகலில் பார்த்து, அவசரமில்லாமல் ஏறுவார்.